கவிதா வளைகாப்பு – குடும்பக் குழு

சத்துவாச்சாரி பெரியம்மா: வியாழக்கிழமை வேனில் யார் யார் வருகிறீர்கள்? வேன்காரர் இரவுக்குள் கேட்கிறார்.

அணைக்கட்டு சித்தி: நாங்கள் நாலு பேர். பேரன் மடியில் உட்கார்ந்துகொள்வான்.

சத்துவாச்சாரி பெரியம்மா: அப்புறம், யாழினி நேற்று பஸ்ஸில் யாரோ ஒரு ஆளோடு சண்டை போட்டாளாமே? சேண்பாக்கம் வரைக்கும் பேச்சாக இருக்கிறது. வரன் பார்க்கிற நேரத்தில் இதெல்லாம் தேவையா?

யாழினி: சண்டை இல்லை பெரியம்மா. பாகாயத்தில் ஏறினேன். தொரப்பாடி வருவதற்குள் பின்னால் நின்றவன் உரச ஆரம்பித்துவிட்டான். நகர்ந்தேன், அவனும் நகர்ந்தான். இடுப்பில் கை வைத்ததும் ‘கையை எடுடா’ என்று கத்தினேன்.

யாழினி: பஸ் நிறைய ஆட்கள். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவர் போனில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா மட்டும் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ‘இங்கே உட்காரு பாப்பா’ என்று என் கையைப் பிடித்து இழுத்தார். பழைய பஸ் ஸ்டாண்டில் அவன் சாவகாசமாக இறங்கிப் போனான்.

அணைக்கட்டு சித்தி: அட பாவி

யாழினி அம்மா: நேற்று இரவு முழுக்க அவள் சாப்பிடவே இல்லை.

யாழினி: உங்களுக்கு யார் சொன்னது பெரியம்மா?

சத்துவாச்சாரி பெரியம்மா: நம் சேகர்தான்.

யாழினி: சேகர் அண்ணா அந்த பஸ்ஸிலா இருந்தார்?

சேண்பாக்கம் சேகர்: முன்னாடி நின்றிருந்தேன்மா. சத்தம் கேட்டது, கூட்டத்தில் யார் என்று தெரியவில்லை. இறங்கும்போதுதான் நீ என்று பார்த்தேன்.

யாழினி: நான் என்று தெரிந்திருந்தால் வந்திருப்பீர்களா?

சேண்பாக்கம் சேகர்: என்ன கேள்வி இது. கண்டிப்பாக.

யாழினி: வேறு வீட்டுப் பெண் என்றால்?

அணைக்கட்டு சித்தி: இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் மூன்று கிலோ போதுமா அக்கா?

சத்துவாச்சாரி பெரியம்மா: ஐந்து வாங்கு. கொத்சுக்குப் பத்தாது.

குடியாத்தம் மாமா: கத்தரிக்காய் இருக்கட்டும். காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவன் சொல்கிறேன், எல்லோரும் முழுசாகப் படியுங்கள். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். அதற்குமேல் சட்டம் இருக்கிறது. 1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்கள் தொல்லை கொடுத்து ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகுதான் நம் மாநிலத்தில் தனிச் சட்டமே வந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்ட் சம்பவம் ஒன்று சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2012 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போக வேண்டும், தவறினால் பெர்மிட்டையே ரத்து செய்யலாம். அதே தீர்ப்பில் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். 2022-ல் நம் மோட்டார் வாகன விதியையும் திருத்தினார்கள். முறைத்துப் பார்ப்பவனைக்கூடக் கண்டக்டர் இறக்கிவிடலாம்.

அணைக்கட்டு சித்தி: 🙏

யாழினி: கண்டக்டர் என்னைப் பார்த்தார் மாமா. ‘ஒதுங்கி நில்லும்மா’ என்று எனக்குத்தான் சொன்னார்.

குடியாத்தம் மாமா: அது பெரிய தப்பு. ஆனால் இன்னொன்றும் கேள். வண்டியை ஸ்டேஷனுக்கு விடலாம் என்று கண்டக்டர் வாயெடுத்தால் போதும், பயணிகளே ‘எங்களை இறக்கிவிட்டுப் போங்கள், டியூட்டிக்கு நேரமாச்சு’ என்று பிடித்துக்கொள்வார்கள். அதுவரை வாயே திறக்காதவர்களுக்கு அப்போது மட்டும் குரல் வரும். நான் கண்ணால் பார்த்தது.

சேண்பாக்கம் சேகர்: அவன் கையில் கத்தி இருந்தால் மாமா? கே.வி.குப்பம் பக்கம் ரயிலில் என்ன நடந்தது, தெரியும்தானே.

குடியாத்தம் மாமா: 2025 பிப்ரவரி, கோவை – திருப்பதி ரயில். மகளிர் பெட்டியில் இருந்த மற்றவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள். கர்ப்பிணிப் பெண் தனியாக இருந்தாள். கூச்சல் போட்டும் கேட்க ஆள் இல்லை, தொல்லை கொடுத்தவன் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். வயிற்றிலிருந்த குழந்தை போயிற்று. யாழினி வந்த பஸ்ஸில் ஆள் இல்லையா சேகர்?

சத்துவாச்சாரி பெரியம்மா: தம்பி, வளைகாப்புக் குழுவில் அந்தப் பேச்சை எடுக்காதே. கவிதாவும் படிக்கிறாள்.

கவிதா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அம்மா. மாமா பேசட்டும்.

குடியாத்தம் மாமா: அவனை அடிக்கச் சொல்லவில்லை சேகர். எழுந்து அவள் பக்கத்தில் போய் நிற்கலாம். ‘என்னம்மா, தெரிந்தவனா?’ என்று உரக்கக் கேட்கலாம். அவசர உதவி எண் 112-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ போன் போடலாம். அந்தப் பூக்கார அம்மாவுக்கு எந்தச் சட்டம் தெரியும்? தெரியாத பெண்ணுக்குக் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார். சத்தம் கேட்ட பிறகு யார் வீட்டுப் பெண் என்று பார்க்க என்ன இருக்கிறது?

சேண்பாக்கம் சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சத்துவாச்சாரி பெரியம்மா: என் மகனைக் குறை சொல்லவா இந்தக் குழு? வீட்டை விற்றபோதும் எல்லோரும் அவன் மேலேதான் பாய்ந்தீர்கள்.

அணைக்கட்டு சித்தி: அக்கா, அந்தக் கதை இப்போது எதற்கு

யாழினி அப்பா: வியாழக்கிழமை யாழினி வேனிலேயே வரட்டும். பஸ் வேண்டாம்.

யாழினி: காலேஜுக்கும் தினம் வேன் அனுப்புவீர்களா அப்பா?

குடியாத்தம் மாமா: டிக்கெட் இருக்கிறதா பாப்பா? கசக்காமல் எடுத்து வை. எந்த வண்டி, எத்தனை மணி என்பதற்கு ஆதாரம். பாலாற்றுப் பாலம் தாண்டினால் விருதம்பட்டு ஸ்டேஷன், உங்கள் வீட்டுக்குப் பக்கம். எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். காலையில் நான் வருகிறேன்.

யாழினி: பையில்தான் இருக்கிறது மாமா.

யாழினி அப்பா: விசேஷம் முடியட்டும் மச்சான். ஸ்டேஷன் அது இது என்றால் வரன் வீட்டார் காதுக்குப் போகும்.

யாழினி அம்மா: அண்ணா, நீங்கள் வாருங்கள். நானும் அவளோடு வருகிறேன்.

யாழினி அப்பா: போனில் பேசலாம்.

கவிதா: சித்தி, எனக்கு வாந்தி இல்லையென்றால் நானும் வருவேன்.

சத்துவாச்சாரி பெரியம்மா: நீ வீட்டை விட்டு அசையக் கூடாது.