வால்வுக்குத் தமிழ்: துருசுக்கும் திரான்சிற்றருக்கும் ஒரே சொல் ஆகுமா?

மடல் 1: கிளிநொச்சி

எல்லாருக்கும் வணக்கம்.

நாங்கள் வைக்கப்போகும் கண்காட்சிக்காக, மனிதன் ஆக்கிய பொருட்களில் எது பெரிது என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை. சில்லு, கலப்பை, ஊசி, அச்செழுத்து என்று ஆளுக்கொன்று சொல்லியாயிற்று. என் வாக்கு வால்வுக்கு, அதாவது நீரையோ காற்றையோ விடவும் மறிக்கவும் செய்கிற உறுப்புக்கு. கண்காட்சிப் பலகை எழுதத் தொடங்கினால் மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர் கிடக்கிறது, இதற்குத்தான் இல்லை.

ஏன் வால்வு? கொல்லன் துருத்தியைப் பாருங்கள். அடிப்பலகையில் ஒரு துளை, உட்பக்கம் அதை மூடினாற்போல் ஒரு தோல் துண்டு. துருத்தியை விரித்தால் தோல் எழும்பிக் காற்று உள்ளே வரும். அமுக்கினால் தோல் துளையில் படியும், காற்று மூக்கு வழியாக உலைக்குப் போகும். தோல் காய்ந்து சுருண்டால் பாதிக் காற்று நிலத்துக்குப் போய்விடும், இரும்பு சிவக்காது. மண்வெட்டி, கலப்பைக் கொழு எல்லாம் அந்தத் தோல் துண்டுக்குக் கடன்பட்டவை.

அதே மூளைதான் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் திசிபியசின் நீர்ப்பம்பியில் இருந்தது, 1712இல் நியூகொமனின் நீராவி இயந்திரத்தில் இருந்தது. 1904இல் பிளெமிங் தன் கண்ணாடிக் குமிழுக்கும் வால்வு என்றே பெயர் வைத்தார், மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விட்டதால். வால்வு றேடியோ என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1947இல் பிறந்த திரான்சிற்றர் பிறகு அந்த வால்வுகளின் வேலையை வாங்கிக்கொண்டது. குளத்திலும் கைபேசியிலும் உள்ள ஒரே பொருள் வேறு எது?

ஒரே சொல்லாக வேண்டும். குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் துருசுக்கும் பொருந்த வேண்டும், இதயத்துக்கும் பொருந்த வேண்டும்.

மடல் 2: வவுனியா

தம்பி, வாக்கை ஏற்க முன்னம் இரண்டு தடை.

முதலாவது, துருத்தி இல்லாமல் இரும்பில்லை என்பது சரியில்லை. தெற்கே சமனலவெவப் பக்கத்தில் மலைச்சரிவில் வரிசையாக உலை கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றையே ஊதவைத்து இரும்பு எடுத்திருக்கிறார்கள். கி.பி. முதலாம் ஆயிரத்தாண்டு வேலை. அகழ்ந்து பார்த்து, அதே மாதிரி உலை கட்டி உருக்கியும் காட்டினார்கள், அந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. அதில் வால்வு எங்கே? எகிப்தியரும் நைல் வெள்ளத்தைப் பாத்தியில் தேக்கிவைத்துப் பிறகு வரம்பை வெட்டித்தான் விட்டார்கள். வெட்டிய வரம்பு வால்வு ஆகாது.

இரண்டாவது, சொல். ஏற்கெனவே மூன்று கிடக்கின்றன. ‘ஓரதர்’ அழகுதான், ஆனால் ஒரு வழி என்று அது தன்னையே கட்டிப்போடுகிறது. துருத்திக்கும் இதயத்துக்கும் சரி. துருசுக் கதவோ தண்ணீர்க் குழாயின் திருகோ எந்தப் பக்கத்து நீரையும் மறிக்கும். ‘தடுக்கிதழ்’ இதயத்தைப் பார்த்து வைத்த பெயர். எங்கள் பாடநூலில் முக்கூர் வால்வு, இருகூர் வால்வு என்று படிப்பிக்கிறோம், அங்கே இதழ் பொருந்தும். இரும்புத் தகட்டுக் கதவில் இதழ் ஏது? மூன்றாவது ‘அடைப்பான்’. அதில் பெரிய குறை எனக்குப் படவில்லை.

மடல் 3: மதுரை

அடைப்பானில் எனக்குக் குறை படுகிறது, அம்மா. எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனைச் சுவரில் அடைப்பான் என்று எழுதியிருந்தால் அது ஆந்த்ராக்ஸ். விவசாயி பதறிவிடுவார்.

இன்னொன்று. நீங்கள் துருசு என்று எழுதும்போதெல்லாம் நான் மயில்துத்தம் என்று படித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். ஏரியிலிருந்து நீர் விடும் அமைப்பு எங்களுக்கு மதகு, மடை. பழைய கல்வெட்டுகளில் தூம்பு, குமிழி. குமிழித் தூம்பு இன்றும் பல ஏரிகளில் நிற்கிறது: கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள், குறுக்கே துளையிட்ட கல்விட்டங்கள், அவற்றின் வழியே இறங்கும் கம்பின் முனையில் ஓர் அடைப்புக் குழவி. அது கீழே உள்ள கல்தொட்டியின் துளையை மூடும். மேல்துளை நீரோடித் துளை. அடியில் சேறோடித் துளைகள், அவை வண்டலை இழுத்துக்கொண்டு போகும். சொல் வேண்டுமென்றால் ‘குமிழி’ என்றே வைக்கலாமே? ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

மடல் 4: முல்லைத்தீவு

மதுரை நண்பருக்கு: எங்களுக்கு மதகு என்றால் வீதிக்குக் கீழே வெள்ளம் போக வைக்கிற கட்டு. உங்கள் மதகை இங்கே வரைபடத்தில் எழுதினால் வீதிப் பகுதிக்குப் போய்ச் சேரும். துருசை விடேலாது.

குமிழி நல்ல சொல். ஆனால் வேறு பொருள். குமிழித் தூம்பு நிற்பது தண்ணீருக்குள், குளக்கட்டுக்கு வெளியே. மேலிருந்து கீழே துளையை அடைக்கும் ஆப்பு அது. இங்கே பழைய பெருங்குளங்களில் இருப்பது கட்டுக்குள்ளேயே இறக்கிய நாற்சதுரக் கிணறு. செங்கல்லோ கல்லோ சுற்றிக் கட்டி, குளப் பக்கத்தால் ஒரு சுருங்கை (கட்டுக்கு அடியால் போகும் மூடிய நீர்வழி) வந்து அதில் விழும், வயல் பக்கத்தால் ஒரு சுருங்கை வெளியேறும், கதவு கிணற்றுக்குள். சிங்களத்தில் பிசோகொட்டுவ. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல் இதைப் பற்றி விரிவாக எழுதி, 2000 ஆண்டுக்கு முந்திய வால்வுக் கிணறு இது என்று வாதாடினார். பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் அவர் நேரில் பார்த்து எழுதிய குளங்களில் ஒன்று. பிசோ என்றால் அரசி. அதை மொழிபெயர்த்து ‘அரசிக் கொட்டு’ என்று வைத்தால் தண்ணீர் பற்றி ஒன்றுமே தெரியாது.

ஏன் கிணறு நடுவில்? இதைச் சொன்னால்தான் சொல்லும் தெளியும். கதவைச் சுருங்கையின் வயல் முனையில் வைத்தால், மூடியிருக்கும்போது கட்டுக்குக் கீழே சுருங்கை முழுக்க குளத்து அழுத்தம் நிற்கும். கற்பொருத்தில் ஒரு கசிவு போதும், நீர் மண்ணுக்குள் ஏறி மணலை அள்ளிக்கொண்டு வெளியேறும். உள்ளரிப்பு என்பது இதுதான். கட்டின் வெளி அடியில் ஊறும் நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் அன்றைக்கே குளத்து மட்டத்தை இறக்க வேண்டும். சரி, கதவைக் குள முனையில் வைத்தால்? பழுது வந்தால் சுழியோட வேண்டும். கட்டுக்குள் கிணறு வைத்தால் கதவுக்கு மேலிருந்து கை எட்டும், வயல் பக்கச் சுருங்கையில் நீர் நிரம்பாமல் அழுத்தமின்றி ஓடும், கிணற்று வாய் வழியாகக் காற்றும் இறங்கும். காற்று இறங்காவிட்டால் கதவுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிக் கதவு அதிரத் தொடங்கும்.

கணக்கு ஒன்று. கதவு 60 சென்ரிமீற்றர் சதுரம், அதன் நடுவுக்கு மேல் 6 மீற்றர் நீர். திறந்தால் நீர் செக்கனுக்கு 10.8 மீற்றர் வேகத்தில் பாயும். முழுத் திறப்பில் வழி உராய்வை விட்டு, பாயும் நீர் ஒடுங்குவதற்கு 0.6 என்ற குணகத்தை மட்டும் போட்டுப்பார்த்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 2.3 கனமீற்றர், அதாவது 82 கியூசெக் (செக்கனுக்குக் கன அடி). அந்த நீரில் 180 குதிரைவலு இருக்கிறது, நாலு பெரிய உழவு இயந்திரம். அதைக் கிணற்றுக்குள் சுழன்று அடிபட்டுச் சாகவிட வேண்டும். இல்லையென்றால் வாய்க்கால் தலையைக் கிண்டிக்கொண்டு போய்விடும்.

இனி தூக்குவது. அதே கதவில் நீர் தள்ளும் விசை 0.36 சதுரமீற்றரை 6ஆல் பெருக்க 2.16 தொன். உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்து, கதவின் பாரத்தையும் சேர்த்தால் தூக்க ஒரு தொன் வேண்டும். மனிதன் தூக்கமாட்டான். 12 மில்லிமீற்றர் புரியிடை (ஒரு சுற்றுக்கு ஏறும் தூரம்) உள்ள திருகுத் தண்டு, 30 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கைச்சில்லு: உராய்வே இல்லையென்றால் 157 மடங்கு. திருகில் ஐந்தில் நாலு பங்கு உராய்வுக்குப் போனாலும் 31 மடங்கு மிஞ்சும். 32 கிலோ விசை, ஒராள் இரண்டு கையாலும் சுற்றலாம். உராய்வு இவ்வளவு இருப்பது நல்லதும்கூட, கையை எடுத்தால் கதவு தானாக இறங்காது.

வினை வருவது மூடும்போது. கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டை மாட்டிக் கிடக்கும். ஆள் சில்லு இறுகுதென்று இரும்புக் குழாயைச் செருகி மூன்று மடங்கு விசையில் அமத்துவார். இப்போது தண்டில் 3 தொன் அமுக்கம். 40 மில்லிமீற்றர் உருக்குத் தண்டு, தாங்கி இல்லாமல் 3 மீற்றர் நீளம் நின்றால் 2.8 தொன்னிலேயே வளைந்துவிடும். நடுவில் ஒரு தாங்கி வளையம் போட்டால் நாலு மடங்கு, 11 தொன் வரை தாங்கும். ஒரு வளையத்துக்குச் சுணங்கி, குளத்து நீரை நம்பிய முழுச் சிறுபோகத்தையும் இழப்பதா?

சொல்லுக்கு வருகிறேன். மார்கழியில் எந்தச் செய்தியை எடுத்தாலும் ‘இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறப்பு’ என்றுதான் வரும், மிகைநீர் விடும் கதவுகள் அவை. துருசுக் கதவு என்று கமக்காரர் நாளும் சொல்கிறார்கள். கதவு என்ற சொல் கையிலேயே இருக்க ஏன் தேடுவான்?

வவுனியா ரீச்சரின் முதல் தடைக்கும் ஒன்று. சமனலவெவ உலை எரிந்தது அந்தக் காற்று வீசுகிற மாதங்களில் மட்டும். துருசில்லாத குளத்தாலும் காலபோகத்தில் மழையோடு மழையாகத்தான் விதைக்கலாம். மழை விட்டுப் பல மாதம் கழிய வாய்க்காலில் நீர் விடுவது கதவு.

மடல் 5: வவுனியா

காற்று மாதம் என்றது செல்லும். அந்தத் தடையைத் திருப்பி எடுக்கிறேன், எகிப்தை விடமாட்டேன்.

‘கதவு’ என்று தனியே வைத்தால் வீட்டுக் கதவோடு கலக்கும். பழைய செய்யுளில் ‘கதவம்’ உண்டு, பேச்சில் இன்று இல்லை. கலைச்சொல்லுக்கு அப்படி வெறுமையாய்க் கிடக்கிற வடிவம்தான் வசதி. வால்வு: கதவம். ஒருபக்கம் மட்டும் விடுவது: ஒருவழிக் கதவம். பிசோகொட்டுவ: கதவக் கிணறு. கொதிகலனில் அழுத்தம் மிஞ்சினால் தானே திறப்பது: காப்புக் கதவம். இதயத்தில் முக்கூர்க் கதவம்.

ஓரிடத்தில் இடிக்கும். உயர்தரப் பௌதிகத்தில் தருக்கப் படலை என்று படிப்பிக்கிறோம். வீட்டு முற்றத்து வேலியில் இருக்கும் வாயில், அந்தப் படலையேதான், எனக்குப் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. புலவிளைவுத் திரான்சிற்றரின் மூன்று முனைகளில் ஒன்றும் படலை. திரான்சிற்றர் முழுவதையும் மின்கதவம் என்றால் ‘கதவத்தின் படலை’ என்று வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மடல் 6: கிளிநொச்சி

சிரிக்கட்டும் ரீச்சர், மறக்கமாட்டார்கள். படலை சிறிது, அதைக் கொஞ்சம் அசைத்தால் பெரிய ஓட்டம் மாறும் என்று விளங்கப்படுத்தவும் வசதி. ஆனாலும் திரான்சிற்றரைத் திரான்சிற்றர் என்றே விடுவோம், பலகையில் ‘மின்னுக்கு ஒரு கதவம்’ என்று விளக்கம் மட்டும் போடலாம்.

சொல்லைச் சின்னச் சாமானில் சோதித்துப் பார்த்தேன். சைக்கிள் வால்கட்டை: பித்தளைக் குச்சியின் பக்கத்தில் ஒரு ஊசித்துளை, அதன் மேல் வால்ரியூப் என்ற மெல்லிய ரப்பர் உறை. பம் அடித்தால் உறை விரிந்து காற்று உள்ளே போகும். நிறுத்தினால் உள்ளிருக்கும் அழுத்தமே உறையைத் துளையோடு அமத்தும். வெயிலில் ரப்பர் இறுகி வெடித்தால் இரவுக்குள் காற்று இறங்கிவிடும். எச்சில் தொட்டுவைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது அதற்குத்தான். இது ஒருவழிக் கதவம், பொருந்துகிறது. ஆனால் கடையில் போய் ‘காற்றுக் கதவம் தாருங்கோ’ என்று கேட்க நான் தயாரில்லை. வால்கட்டை வால்கட்டையாகவே இருக்கட்டும்.

நீர்ப்பம்பியின் புட்வால்வுக்கு ‘அடிக்கதவம்’ நன்றாக வருகிறது. உறிஞ்சு குழாயின் அடியில் இருப்பதுதானே. அதில் ஒரு சருகு செருகினால் குழாய் நீர் கிணற்றுக்கே திரும்பிவிடும், பம்பி வெறுங்காற்றில் சுற்றும். நீர் மட்டம் பம்பிக்கு ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழே போனால் கதவம் எவ்வளவு நல்லதென்றாலும் சரியாக உறிஞ்சாது, அது வளியமுக்கத்தாலும் குழாய் இழப்பாலும் வரும் எல்லை, கதவத்தில் பிழையில்லை.

முல்லைத்தீவு அண்ணை, துருசடியில் தகட்டில் எழுதினால் சொல் நிற்குமா?

மடல் 7: முல்லைத்தீவு

எழுதிப் பார்த்தேன். 60 சென்ரிமீற்றர் கதவு, 12 மில்லிமீற்றர் புரி, ஆகவே மூடியதிலிருந்து முழுத் திறப்புக்கு 50 சுற்று.

‘துருசுக் கதவம். முழுத் திறப்பு 50 சுற்று. திறக்கும்போது முதலில் 2 சுற்று, வாய்க்கால் நனையும்வரை பொறுத்திருக்க. மூடும்போது 50 சுற்று முடிய முன் இறுகினால் அமத்த வேண்டாம்: 5 சுற்றுத் திறந்து குப்பை கழுவுப்பட விட்டு மறுபடி மூடுக. சில்லில் குழாய் செருகக் கூடாது. திருகுத் தண்டுக்கு ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் கிறீஸ்.’

தகட்டில் இடம் போதும். ‘கதவம்’ என்பதில் கடைசி ம் அழிந்துபோனாலும் ‘கதவ’ என்று வாசித்து ஆளுக்கு விளங்கும். மற்றச் சொற்களில் எழுத்து அழிந்தால் அப்படி நிற்காது. வண்ணப் பூச்சு இரண்டு வருடத்துக்கு மேல் நிற்கவே நிற்காது, எழுத்தை வெட்டித்தான் போட வேண்டும்.