பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போய்விட்டது, மதர்போர்டை மாற்றித்தான் ஆகவேண்டுமா?

உசிலை ஜெராக்ஸ்:
வணக்கம். உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் ஏஎம்4 வகை (ஏஎம்டி பிராசஸர் பொருந்தும்) போர்டு, பழைய ரைசன் 3 பிராசஸர். ரைசன் 5 5600 வாங்கிப் போடலாம் என்று பார்த்தால், போர்டு கம்பெனியின் பக்கத்தில் முதலில் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தால்தான் அந்த பிராசஸர் ஓடும் என்று போட்டிருந்தது. சரி என்று ஆரம்பித்தேன். பாதி ஓடியிருக்கும், அடித்த ஆடிக்காற்றில் கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டர் மாறுவதற்குள் கம்ப்யூட்டரும் அணைந்துவிட்டது.

இப்போது பவர் போட்டால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. டிஸ்பிளே இல்லை, பீப் சத்தம் இல்லை, கீபோர்டில் நம்லாக் விளக்குகூட எரியவில்லை. மதுரையில் ஒரு கடையில் காட்டினால் கையில் வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் "போர்டு போச்சு, புதுசு போட்டுருங்க" என்கிறார்கள். டிஸ்க்கில் ஊர்க்காரர்கள் ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் நிறைய இருக்கின்றன, எனக்கு அதுதான் பெரிய கவலை. அண்ணன்மார்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை:
தம்பி, டிஸ்க்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். பயாஸ் இருப்பது போர்டில் உள்ள தனிச் சிப்பில், அது கெட்டால் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபைல்களை முதலில் நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால் மட்டும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டிலேயே சேமித்திருக்கும், போய்ப் பாருங்கள்.

அப்புறம் போர்டின் பின்பக்கம், யூஎஸ்பி சொருகும் இடத்தருகே ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா? ஆசுஸில் பயாஸ் ஃபிளாஷ்பேக், எம்எஸ்ஐயில் ஃபிளாஷ் பயாஸ் பட்டன், கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ் பிளஸ் என்று பெயர். அது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிராசஸர், ரேம் எதுவும் இல்லாமலேயே பயாஸ் ஏற்றலாம். பென்டிரைவை எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மேட் செய்து, மேனுவலில் சொன்ன அதே பெயரை ஃபைலுக்கு வைத்து, அதற்கென்று குறித்திருக்கும் போர்ட்டில் சொருகி பட்டனை அழுத்த வேண்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் எடுக்காது, நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். போர்டில் நாணயம் போல இருக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது செட்டிங்கைத்தான் அழிக்கும், பாதி எழுதிய பயாஸை முழுசாக்காது.

சிம்மக்கல் சர்வீஸ்:
எனக்குத் தொழிலே இதுதான், அதனால் கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன். ஃபேன் சுற்றுகிறது, அப்டேட் நடுவில் நின்றது, இந்த இரண்டையும் கேட்ட பிறகும் போர்டை மாற்றச் சொல்வது, சாவி தொலைந்ததற்கு வீட்டையே இடிக்கச் சொல்கிற மாதிரி. கெட்டுப்போனது சிப்பில் எழுதியிருந்த தகவல்தான். திரும்ப எழுதினால் சரியாகிவிடும், அதற்கு வேறு கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் மாட்டிச் சிப்பில் எழுதும் சிஎச்341ஏ என்ற ப்ரோக்ராமரும் எட்டுக் கால் சிப்பைக் கவ்வும் கிளிப்பும் போதும். டவுன் ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் வாங்கும் முன் சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து இங்கே போடுங்கள், அது தெரியாமல் எதையும் மாட்டாதீர்கள்.

உசிலை ஜெராக்ஸ்:
டிஸ்க்கை மாட்டிப் பார்த்துவிட்டேன், எல்லாம் அப்படியே இருக்கிறது, வைகைக்கரை அண்ணனுக்கு நன்றி. பட்டன் இல்லாத போர்டு அண்ணே. சிப்பில் வின்பாண்ட் 25க்யூ128எஃப்டபிள்யூ என்று இருக்கிறது. இன்னொரு சந்தேகம், கம்பெனி கொடுத்த ஃபைல் 16,779,264 பைட் காட்டுகிறது, சிப் 16 எம்பிதானே?

சிம்மக்கல் சர்வீஸ்:
கேட்டது நல்லதாய்ப் போயிற்று. கடைசி எழுத்து டபிள்யூ, அப்படியென்றால் 1.8 வோல்ட் சிப். அதே சிப் எஃப்வி என்று முடிந்திருந்தால் 3.3 வோல்ட். கருப்பு நிற சிஎச்341ஏ டேட்டா கால்களில் 5 வோல்ட் வரை தள்ளும், நேரே மாட்டினால் சிப்பே போய்விடும். ஆகவே நடுவில் 1.8 வோல்ட் அடாப்டர் கட்டாயம் வேண்டும்.

உங்கள் சிப் சரியாக 16,777,216 பைட். ஃபைலில் கூடுதலாக இருக்கும் 2048 பைட், கம்பெனி முன்னால் ஒட்டிய தலைப்பு, அதோடு எழுதினால் ஓடாது. யூஇஎஃப்ஐடூல் என்ற இலவச மென்பொருளில் திறந்து கேப்சூலின் (அந்தத் தலைப்போடு வரும் உறை) உள்பகுதியை மட்டும் தனியாகச் சேமியுங்கள், அளவு சரியாக வரும்.

பவர் வயரைப் பிடுங்கி, சிமாஸ் பேட்டரியையும் கழற்றிவிட்டுக் கிளிப்பை மாட்டுங்கள். சிவப்பு வயர் சிப்பின் மூலையில் புள்ளி வைத்த கால் பக்கம் வர வேண்டும். உடனே எழுதிவிடாதீர்கள்! முதலில் சிப்பில் இருப்பதைப் படித்து சேமியுங்கள், இன்னொரு முறை படித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டாலோ, எல்லாமே எஃப்எஃப் (காலி என்பதற்கான குறி) என்று வந்தாலோ கிளிப் கவ்வவில்லை என்று அர்த்தம், லேசாக ஆட்டி அழுத்தி மறுபடி மாட்டுங்கள். ஒத்துவந்த பிறகு அழித்து, எழுதி, சரிபார்க்க வேண்டும். லினக்ஸ் தெரிந்தால் ஃபிளாஷ்ரோம் என்ற மென்பொருள் இந்த மூன்றையும் ஒரே கட்டளையில் செய்துவிடும். ப்ரோக்ராமரை ஒரு லேப்டாப்பில் மாட்டி, அது பேட்டரியில் ஓடும்போது செய்யுங்கள், இந்தக் காற்றுக் காலத்தில் கரண்டை நம்ப முடியாது.

உசிலை ஜெராக்ஸ்:
அண்ணே, வந்துவிட்டது! கிளிப் கவ்வுவதுதான் பெரும்பாடாக இருந்தது, விட்டு விட்டுப் படித்தது, சிப்பின் கால்களைப் பிரஷ்ஷால் துடைத்த பிறகு பிடித்துக்கொண்டது. எழுதி முடித்துப் பவர் போட்டதும் கொஞ்ச நேரம் கருப்பாகவே நின்றது, அப்புறம் செட்டிங்கைச் சரிபார்க்கச் சொல்லித் திரை வந்தது. தேதியை மாற்றிவிட்டு விண்டோஸுக்குள் போய்விட்டேன். முதலில் சிப்பிலிருந்து படித்து வைத்த பழைய பேக்கப் ஃபைலை இனி அழித்துவிடலாமா?

சிம்மக்கல் சர்வீஸ்:
அழிக்காதீர்கள் தம்பி. போர்டின் சீரியல் நம்பர், யூயூஐடி (போர்டின் தனி அடையாள எண்), சில போர்டுகளில் நெட்வொர்க்கின் மேக் அட்ரஸ்கூட அந்தச் சிப்பில்தான் இருக்கும். கம்பெனி ஃபைலில் அவை இருக்காது. வாரண்டிக்கோ, சீரியல் நம்பரைப் பார்த்து லைசென்ஸ் கொடுக்கும் மென்பொருளுக்கோ தேவைப்பட்டால் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.