இழப்பீட்டுக் கோரிக்கைகள் குறைந்தால் பணியிடம் பாதுகாப்பாகிவிட்டது என்று கொள்ளலாமா?

கேள்வி – தொழிற்சங்க உறுப்பினர்

வணக்கம். எங்கள் சங்கத்தின் பாதுகாப்புக் குழுவுக்காக, பணியிட விபத்துகள் பற்றியும் தொழிலாளர் இழப்பீடு பற்றியும் சில நாடுகள் வெளியிடும் தேசியப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதி வருகிறேன். 2023-இல் அமெரிக்காவில் வேலையில் ஏற்பட்ட காயங்களால் 5,283 பேர் உயிரிழந்தனர். முழுநேர வேலைக்குச் சமமாகக் கணக்கிட்டால் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 3.5 பேர். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 200 பேர், அதாவது ஒரு லட்சத்துக்கு 1.4 பேர். பிரிட்டனில் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான கணக்கில் 138 பேர், விகிதம் 0.5-க்கும் கீழே நிற்கிறது. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்து, பிரிட்டனின் பணியிடங்கள் அமெரிக்காவினுடையவற்றைவிட ஏழெட்டு மடங்கு பாதுகாப்பானவை என்று எழுதிவிட முடியுமா?

இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியம். இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருவதைக் காட்டி, பாதுகாப்பு மேம்பட்டுவிட்டது என்று நிர்வாகங்கள் கூட்டங்களில் விளக்குகின்றன. ஒரு நாட்டிலோ தொழிற்சாலையிலோ கோரிக்கைகள் குறைந்தால், காயமடைபவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று ஏற்றுக்கொள்ளலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – தரவு ஆய்வாளர்

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த மூன்று எண்களை அப்படியே ஒப்பிட்டு எழுத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பிரிட்டனின் 138 என்ற கணக்கில் பொதுச் சாலைகளில் நிகழும் போக்குவரத்து விபத்துகள் சேர்வதில்லை. சரக்கு வாகன ஓட்டுநர் ஒருவர் வேலை நேரத்தில் நெடுஞ்சாலையில் மோதி இறந்தால், அந்த இறப்பு சாலை விபத்துக் கணக்கில் போய்ச் சேருமே தவிர, பணியிட இறப்பாக எண்ணப்படுவதில்லை. கடல் பயணத்திலும் வான் பயணத்திலும் நேரும் இறப்புகளுக்கும் இதே நிலைதான். ஆனால் அமெரிக்காவின் 5,283 இறப்புகளில் ஏறத்தாழ 37 விழுக்காடு போக்குவரத்து நிகழ்வுகளால் நேர்ந்தவை. ஆஸ்திரேலியாவிலும் வாகனம் தொடர்பான நிகழ்வுகளே இறப்புக்கான முதன்மைக் காரணம். இரண்டு நாடுகளில் முதலிடத்தில் நிற்கும் காரணத்தை மூன்றாவது நாடு பெரும்பாலும் எண்ணுவதே இல்லை என்னும்போது, மூன்றையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமாகாது. சாலை இறப்புகளைச் சேர்த்த பின்னரும் பிரிட்டனின் விகிதம் குறைவாகவே இருக்கக்கூடும் என்றாலும், ஏழெட்டு மடங்கு என்ற பேச்சுக்கு அதன் பிறகு இடமிருக்காது.

தகவல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் 1992 முதல் இறப்புச் சான்றிதழ்கள், இழப்பீட்டு ஆவணங்கள், செய்தி அறிக்கைகள், அரசு ஆய்வறிக்கைகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று சரிபார்த்து இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறது. ஆஸ்திரேலியாவும் இழப்பீட்டுத் தரவோடு நிற்காமல், மரண விசாரணைப் பதிவுகளையும் ஊடகச் செய்திகளையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் இழப்பீட்டுக் காப்பீட்டின் வரம்புக்குள் வராத சுயதொழில் செய்பவர்களும் அந்த 200 பேரில் இடம்பெறுகிறார்கள். இறப்பை மறைப்பது கடினம் என்பதால், நாடுகளின் கணக்குகளில் ஓரளவு நம்பத்தக்கவை இறப்பு எண்களே. காயங்களின் கணக்குக்கு அந்த வலிமை கிடையாது.

பதில் 2 – இழப்பீட்டு வழக்குகளைக் கையாள்பவர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை: ஏற்றுக்கொள்ள முடியாது. இழப்பீட்டுக் கோரிக்கைகளின் எண்ணிக்கை முதலில் இழப்பீட்டு முறையைத்தான் அளக்கிறது. காயத்தை அதன் வழியாக ஓரளவுதான் அறிய முடியும்.

ஒரு காயம் புள்ளிவிவரத்தில் ஓர் எண்ணாக மாறுவதற்குள் பல வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. காயமடைந்தவர் சட்டப்படி காப்பீட்டுக்குள் வருபவராக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர், சுயதொழிலாளி, செயலி வழியாக வேலை பெறுபவர் எனப் பலர் முதல் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்கள். பிறகு அவர் தமக்கு உரிமை இருப்பதை அறிந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கத் துணிய வேண்டும், காப்பீட்டாளர் அதை ஏற்க வேண்டும், கடைசியாக அந்தக் கோரிக்கை புள்ளிவிவரத்தின் வரையறைக்கும் பொருந்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் ‘தீவிரக் கோரிக்கை’ என்றால், ஏற்றுக்கொள்ளப்பட்டு, குறைந்தது ஒரு வேலை வாரமாவது பணிக்கு வர முடியாமல் போன நிலை என்று பொருள். வேலைக்குப் போய்வரும் வழியில் நேர்ந்த காயங்கள் அதில் அடங்குவதில்லை. மூன்று நாள் முடங்கிக் கிடந்து நான்காம் நாள் வலியோடு திரும்பியவர் அந்த எண்ணில் இல்லை.

இந்த வாயில்களில் ஒன்று குறுகினாலும் எண்ணிக்கை விழும். விபத்து ஒன்றுகூடக் குறைந்திருக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் நிறுவனம் செலுத்தும் காப்பீட்டுக் கட்டணம் அதன் முந்தைய கோரிக்கைகளைப் பொறுத்து உயர்கிறது. பாதுகாப்பில் முதலீடு செய்யத் தூண்டுவதற்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடு, கோரிக்கையே எழாமல் தடுக்கவும் தூண்டுகிறது. கை முறிந்தவரை மறுநாளே அழைத்து வந்து அலுவலக நாற்காலியில் உட்காரவைத்து, ‘வேலைநாள் இழப்பு இல்லை’ என்று பதிவு செய்யும் வழக்கத்தை இத்துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். இலகுவான வேலை தந்து படிப்படியாக மீட்பது உண்மையிலேயே நல்ல மறுவாழ்வு முறை. ஆனால் பதிவேட்டை அழகாக்குவதற்காக அதைச் செய்வது அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதி.

விடுபடுதல் எவ்வளவு பெரியது என்பதற்குப் பிரிட்டனின் எண்களே சான்று. 2023–24-இல் முதலாளிகள் சட்டப்படி அறிவித்த, உயிரிழப்பு அல்லாத காயங்கள் 61,663. அதே காலத்துக்கான தொழிலாளர் கணக்கெடுப்பில், வேலையில் காயமடைந்ததாகத் தாங்களே தெரிவித்தவர்கள் சுமார் 6,04,000 பேர். முதல் எண்ணில், குறிப்பிட்ட கடுமையான காயங்களும் ஏழு நாள்களுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் ஆக்கிய காயங்களும் மட்டுமே சேரும். இரண்டாவதில் சிறு காயங்களும் அடங்கும். ஆகவே வேறுபாடு முழுவதையும் மறைப்பு என்று சொல்லிவிடக் கூடாது. வரையறையை ஒத்துக்கொண்டு பார்த்தாலும், முதலாளிகளின் அறிவிப்பு உண்மையைவிடக் கணிசமாகக் குறைவு என்பதை அந்நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பே ஒப்புக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவின் மிக அண்மைய ஆண்டுக்கான எண் எப்போதும் ‘தற்காலிகமானது’ என்ற குறியோடு வெளியாகிறது. தாமதமாக ஏற்கப்படும் கோரிக்கைகளும், நாள்கள் கடந்து ஒரு வார வரம்பை எட்டும் கோரிக்கைகளும் பின்னர்தான் வந்து சேர்கின்றன. வரைபடத்தின் கடைசிப் புள்ளி தாழ்ந்திருப்பதை வெற்றியாகக் காட்டுபவரிடம், அது இறுதி எண்ணா என்று முதலில் கேளுங்கள்.

பதில் 3 – தொழில்சார் நலம் படித்தவர்

மேலே பேசப்பட்டவை பெரும்பாலும் விபத்துகள். வேலையால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் விபத்தில் இறப்பதில்லை என்பதையும் உங்கள் குறிப்பு சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வேலை தொடர்பான காரணங்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 29.3 லட்சம் பேர் உயிரிழக்கிறார்கள்; அவர்களில் விபத்தில் இறப்பவர்கள் சுமார் 3.3 லட்சம் பேர். மீதி 26 லட்சம் பேரைக் கொல்பவை பெரும்பாலும் இதயம், இரத்தக்குழாய், சுவாசம் சார்ந்த நோய்களும் புற்றுநோய்களும்.

இந்த இறப்புகள் இழப்பீட்டுப் புள்ளிவிவரத்தில் மிகச் சிறிய அளவிலேயே தென்படுகின்றன. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகளைச் சுவாசித்தவருக்கு மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் தோன்ற இருபது முதல் நாற்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் நிறுவனம் மூடப்பட்டிருக்கும், அவர் ஓய்வு பெற்றிருப்பார், பழைய வேலையை நினைவூட்டக்கூடிய ஆவணமும் அழிந்திருக்கும். பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுமையாகத் தடை செய்த பின்னரும், அந்த ஒரு நோயால் அங்கு இன்றும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அந்த 138 பேரில் இவர்களில் ஒருவரும் இல்லை. இதற்கு மாறாக, செயற்கைக் கல் பலகைகளை வெட்டும் இளம் தொழிலாளர்களிடம் சிலிக்கா தூசியால் நுரையீரல் நோய் விரைவாகப் பரவியதை மருத்துவர்கள் வெளிக்கொணர்ந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கற்களைத் தடை செய்தது. கோரிக்கைகளின் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் தொழிலாளர்களைத் தேடிச் சென்று பரிசோதித்ததால்தான் அந்நோயின் பரவல் முழுமையாகத் தெரியவந்தது.

மனநலக் கோரிக்கைகள் ஆஸ்திரேலியாவின் தீவிரக் கோரிக்கைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் வளர்ந்துவிட்டன. அவற்றில் ஒருவர் வேலைக்கு வர முடியாமல் போகும் காலத்தின் நடுமதிப்பு எல்லாக் காயங்களுக்குமான கணக்கைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இந்தச் சுமையைக் காண மாட்டார்.

கேள்வியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இறப்பு, காயம், நோய் ஆகியவற்றைத் தனித்தனியாகவும், ஒவ்வொன்றின் வரையறையோடும் எழுதுகிறேன். ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. சில அறிக்கைகள் பத்து லட்சம் வேலை மணிநேரத்துக்கு இத்தனை என்றும், சில 2,00,000 மணிநேரத்துக்கு இத்தனை என்றும் விகிதம் தருகின்றன. எங்கள் ஆலைக்கு எதைப் பயன்படுத்துவது?

பதில் 1 – தரவு ஆய்வாளர்

எதைப் பயன்படுத்தினாலும் சரிதான். இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். 2,00,000 என்பது 100 பேர் வாரத்துக்கு 40 மணிநேரம் வீதம் ஆண்டுக்கு 50 வாரம் உழைத்தால் வரும் கணக்கு; அமெரிக்கா இதைக் கையாள்கிறது. ஆஸ்திரேலியா பத்து லட்சம் மணிநேரத்தைக் கையாள்கிறது. முதல் விகிதத்தை ஐந்தால் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும், ஆனால் எண்ணப்படும் காயத்தின் வரையறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் ஆலையில் 40 பேர் இருந்தால் ஆண்டுக்கு 80,000 மணிநேரம். அங்கே ஒரே ஒரு விபத்து நடந்தாலும் 2,00,000 மணிநேரத்துக்கான விகிதம் 2.5 ஆகிவிடும், அடுத்த ஆண்டு ஒன்றும் நடக்காவிட்டால் சுழியம். இவ்வளவு சிறிய இடத்தில் ஓராண்டின் ஏற்றமும் இறக்கமும் எதையும் நிறுவுவதில்லை. ஐந்தாண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். அதோடு, முதலுதவிப் பதிவேட்டையும், மயிரிழையில் தவிர்க்கப்பட்ட விபத்துகளின் பதிவையும் கேட்டுப் பெறுங்கள். கோரிக்கைகள் சரியும்போது முதலுதவிப் பதிவுகள் அப்படியே நிற்கின்றன என்றால், நிர்வாகத்திடம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி உங்கள் கையில் இருக்கிறது.