குளியலறைப் பக்கச் சுவரில் ஓதம், பெயிண்ட் மறுபடி மறுபடி உரிகிறது. எந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் தாங்கும்?

புதுவீட்டுக்காரன்:
வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு பழைய வீடு வாங்கினேன். பார்க்கப் போனபோது வீடு காலியாகக் கிடந்தது, சுவரெல்லாம் சுத்தம். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, குடிவைத்த பிறகு குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்பளித்து, உள்ளே வெள்ளையாகப் பொடி கொட்டுகிறது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தும் அதே கதைதான். அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை வாடை அடிக்கிறது என்கிறார் குடியிருப்பவர், நியாயமான புகார். எந்த பெயிண்ட் வாங்கலாம்?

கரண்டிக்காரர்:
பெயிண்டை விடுங்க சார். அந்த வெள்ளைப் பொடி உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவரும், தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் படிந்து பூச்சையே தள்ளிவிடும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் அடித்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், இல்லையென்றால் அடுத்த அறையில் போய் எட்டிப் பார்க்கும்.

மேல்மாடி:
தரையிலிருந்து ஏறுகிறது என்றால் நிலத்து ஓதம்தான். சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றச் சொல்லுங்கள்.

கரண்டிக்காரர்:
அவசரப்படாதீங்க, அது செலவு பிடிக்கும் வேலை. வீடு காலியாக இருந்தபோது சுவர் காய்ந்திருந்தது என்கிறார், ஆள் வந்ததும்தான் ஓதம். நிலத்து ஈரத்துக்கு உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்றா தெரியும்? அதுவும் ஒரே ஒரு சுவரில், குளியலறைப் பக்கம் மட்டும். (விற்பதற்காகப் பெயிண்ட் அடித்து மறைப்பவர்களும் உண்டு, ஆனால் உப்பு அத்தனை நாள் சும்மா இருக்காது.)

எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முள் நகர்கிறதா என்று முதலில் பாருங்கள், மீட்டர் இல்லையென்றால் மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்து இரவு முழுக்க விடுங்கள். குறைந்தால் சுவருக்குள் போகும் குழாயில் கசிவு. குறையவில்லையென்றால் குளியலறைத் தரையின் வடிகால் வாயை நன்றாக அடைத்து, விரல்கணு ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். சுவர் நனைந்தால் தரையில் கோளாறு. நனையவில்லையென்றால் அடைப்பை எடுத்துவிட்டு வடிகாலில் மட்டும் நிறைய ஊற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது காரணம் என்றே தெரியாது.

வாடகைப்பாடு:
அதுவரை குடியிருப்பவரிடம் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், காற்றுப் போனாலே பாதி வாடை குறையும். சோதனைக்கு எப்போது வரலாம் என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், திடீரென்று போய் நின்றால் ஓதத்தைவிடப் பெரிய பிரச்சினை வரும். புகைப்படமும் தேதி போட்டு எடுத்துவையுங்கள்.

புதுவீட்டுக்காரன்:
பார்த்தேன். தொட்டி மட்டம் அப்படியே நின்றது. தரையில் நிறுத்திய தண்ணீரும் பெரிதாக இறங்கவில்லை, சுவரில் மாற்றமே இல்லை. வடிகாலில் வாளி வாளியாக ஊற்றியபோதுதான் மறுநாள் அதே இடம் கருத்துவிட்டது. இனி குளியலறை முழுவதையும் உடைக்க வேண்டுமா?

கரண்டிக்காரர்:
வேண்டாம். வடிகால் வாயும் கீழே போகும் குழாயும் சேரும் மூட்டுதான் விட்டிருக்க வேண்டும், பழைய வீடுகளில் அடிக்கடி பார்ப்பது. அதைச் சுற்றியுள்ள டைல்ஸை மட்டும் எடுத்து, மூட்டை மாற்றி, வாட்டர்ப்ரூஃப் பூச்சு போட்டு, டைல்ஸ் ஒட்டும் முன்னாலேயே இன்னொரு முறை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று பிளம்பர் சொன்னால் மறுபேச்சு பேசாமல் ஊற்றச் சொல்லுங்கள்.

புதுவீட்டுக்காரன்:
சரி, அப்புறம் படுக்கையறைச் சுவருக்கு எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

கரண்டிக்காரர்:
இங்கேதான் எல்லாரும் பொறுமை இழப்பார்கள். ஈரம் தெரியும் கோட்டுக்கு மேலே இன்னும் 30 சென்டிமீட்டர் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டி எடுங்கள், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். செங்கல் சுவர் 25 மில்லிமீட்டர் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு, தடிமனான சுவருக்கு மாதக்கணக்கில் ஆகும். குடியிருப்பவரிடம் அதையே சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் முடியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காய்ந்த பிறகு அந்த இடத்தில் ஜிப்சம் பட்டி வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சும். சிமெண்ட்டோ சுண்ணாம்போ கலந்த பூச்சு, மேலே ஈரத்தை வெளியேவிடும் சாதாரண பெயிண்ட் போதும்.