கரண்ட் போய் வந்தால் ஸ்மார்ட் பல்பு மின்னிக்கொண்டே இருக்கிறது, சுவிட்சை அணைத்தால் ஆஃப்லைன். என்ன செய்யலாம்?

கரிசல்காட்டான்:

வணக்கம். கோவில்பட்டி வீட்டில் அப்பா, அம்மா மட்டும்தான். எனக்கு பெங்களூரில் வேலை. பொங்கலுக்குப் போனபோது ஹால், படுக்கையறை, மாடிப்படி, பாத்ரூம் போகும் நடை என்று ஏழு வைஃபை ஸ்மார்ட் பல்புகள் மாட்டிவிட்டு, ஹாலில் வாயால் சொன்னால் லைட் போடும் ஒரு ஸ்பீக்கரும் வைத்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. படுத்த இடத்திலிருந்தே லைட் போடட்டும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விடும். அணைத்துவிட்டால் ஆப்பில் பல்பு ஆஃப்லைன். அதனால் 'அணைக்க வேண்டாம்' என்று பேப்பரில் எழுதி, சுவிட்சுக்கு மேல் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தேன். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்ததும் வீடு முழுக்க லைட் எரிந்திருக்கிறது. படுக்கையறைப் பல்பு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பேப்பரைப் பார்த்து அம்மா சுவிட்சைத் தொடவே இல்லை. விடியும்வரை ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தாராம். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. பல்பு போய்விட்டதா? வேறு கம்பெனி வாங்கட்டுமா?

தாமிரக்கம்பி:

பல்பு கெடவில்லை, புதிதாக வாங்காதீர்கள். அன்றைக்குக் கரண்ட் ஒரே தடவை போய் வந்ததா, விட்டு விட்டு வந்ததா என்று வீட்டில் கேளுங்கள். இந்த மாதிரி பல்புகளில் பொத்தான் கிடையாது. புதிதாக இணைக்க வேண்டுமென்றால் சுவிட்சை மூன்று முதல் ஐந்து தடவை வேகமாகப் போட்டு அணைக்கச் சொல்லியிருப்பார்கள். லைன் தள்ளாடினாலும் பல்புக்கு அது அப்படித்தான் தெரியும். யாரோ ரீசெட் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மின்ன ஆரம்பித்துவிடும். ஆப்பில் மறுபடி சேர்த்தால் சரியாகும். சேர்க்கும்போது போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்க வேண்டும்.

மற்றவை எல்லாம் எரிந்ததற்குக் காரணம் வேறு. கரண்ட் கிடைத்ததும் எரிவதுதான் அவற்றின் ஆரம்ப அமைப்பு. பல மாடல்களில் ஆப் செட்டிங்ஸில் 'முன்பிருந்த நிலை' என்று மாற்றலாம். ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஆப்பில் அணைத்த பல்பை அப்பா சுவிட்சில் போட்டால் எரியாது.

கரிசல்காட்டான்:

கேட்டேன். நாலு தடவை போய் வந்ததாம். நீங்கள் சொன்னதேதான், நன்றி. ஆனால் செட்டிங்ஸை மாற்றினால் அப்பாவுக்குச் சிக்கல், மாற்றாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. இரண்டுக்கும் வழி இல்லையா?

பழைய வயர்மேன்:

இருக்கிறது தம்பி. பல்பைச் சாதாரணப் பல்பாக மாற்றிவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் ரிலே மாட்யூல் வையுங்கள். ஆப்பிலிருந்து சொன்னாலும் லைனைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி அது. தீப்பெட்டி அளவுதான், போர்டுக்குள் அடங்கிவிடும். சுவர் சுவிட்ச் அதன் எஸ்1, எஸ்2 முனைகளுக்குப் போகும், பல்பின் லைன் மாட்யூலிலிருந்து போகும். அப்பா சுவிட்சில் போடலாம், அம்மா குரலில் போடலாம், நீங்கள் பெங்களூரிலிருந்து போடலாம். இணையமே இல்லாவிட்டாலும் சுவிட்ச் வேலை செய்யும். ஒன்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள்: இனிமேல் சுவிட்ச் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்கு அர்த்தமில்லை, தட்டினால் நிலை மாறும்.

மாட்யூலுக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வேண்டும். நம் ஊர் போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரலும் இருக்கும். பழைய வீட்டில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், சோதித்துப் பார்க்க வேண்டும். மாடிப்படியின் டூவே சுவிட்ச் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் வந்திருக்காது. நியூட்ரல் தேவைப்படாத மாட்யூலும் கிடைக்கிறது. அது பல்பு வழியாகவே துளி கரண்டை எடுத்துக்கொள்வதால், குறைந்த வாட் எல்இடி அணைத்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையென்றால் துடிக்கும்.

மெயினை இறக்காமல் யாரும் போர்டைத் திறக்கக் கூடாது. உள்ளூர் ஆளையே கூப்பிடுங்கள். வாட்டர் ஹீட்டரை இந்தச் சின்ன மாட்யூலில் கோக்க வேண்டாம். 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் பக்கம் தொடர்ந்து இழுக்கும், சூடேறிவிடும்.

வேப்பமரத்தடி:

என் மாமியாருக்கும் முழங்கால்தான், அதனால் சொல்கிறேன் தம்பி. ராத்திரி எழுந்திருக்கிறவர் ஸ்பீக்கரைக் கூப்பிட மாட்டார், பக்கத்தில் படுத்திருக்கிறவர் விழித்துவிடுவாரே என்றுதான் யோசிப்பார். போனிலும் குரலிலும் லைட் போடுவது ரிமோட் மாதிரிதான். அவர் காலைக் கீழே வைத்ததும் நடையில் தானாக வெளிச்சம் வந்தால்தான் வீட்டுக்குப் புத்தி இருக்கிறது என்பேன்.

நடையில் ஒரு மோஷன் சென்சார் வையுங்கள். இருக்கும் பல்புக்குப் பதில் மூன்று வாட் போதும், கண் கூசாது. ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்துவரை ஆள் நடந்தால் எரியட்டும், அசைவில்லாமல் இரண்டு நிமிஷம் ஆனால் அணையட்டும். சென்சாரும் மாட்யூலும் ஜிக்பீயாக இருந்தால் நல்லது, அது வைஃபை மாதிரியே ஆனால் குறைந்த கரண்டில் ஓடும் வயர்லெஸ் முறை. அதற்கு எல்லாவற்றையும் இணைக்கும் ஹப் என்ற சின்னப் பெட்டி ஒன்று வேண்டும், ஆனால் சென்சார் நாணயம் மாதிரியான பேட்டரியில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடும். நியூட்ரல் உள்ள மாட்யூல்கள் பெரும்பாலும் சிக்னலைக் கைமாற்றி விடும், நடை தூரமாக இருந்தாலும் கவலையில்லை. ஹப் வாங்கியதும் ரௌட்டரில் இணைய வயரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் சென்சார் லைட்டைப் போட்டால்தான் அந்த ஹப் சரி.

சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டின் அசைவை. உங்கள் ஊரில் மே மாதம் சுவரே உடம்பு மாதிரி சுடும், அப்போது சட்டென்று கண்டுபிடிக்காது. அதனால் தூரத்தில் வைக்காமல் கட்டில் பக்கத்து வாசலிலேயே, முழங்கால் உயரத்தில் ஒட்டுங்கள். அங்கே ஆள் குறுக்காகக் கடப்பார், அதை அது சீக்கிரம் பிடிக்கும்.

கரிசல்காட்டான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஊருக்குப் போய் நான்கு போர்டில் மாட்யூல் வைத்தாயிற்று, எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு மதியத்தில் முடித்துவிட்டார். நடையில் சென்சார் போட்ட முதல் ராத்திரி நான் தூங்கவில்லை. ஒன்றரை மணிக்கு அம்மா எழுந்தார், காலைத் தரையில் வைத்தார், வெளிச்சம் வந்தது. ஒரு நொடி நின்று பல்பைப் பார்த்துவிட்டுப் போனார். கரண்ட் அதற்கப்புறம் இரண்டு தடவை போய் வந்தது, எதுவும் மின்னவில்லை. ஒட்டிய பேப்பரை அப்பாவே கிழித்துப் போட்டுவிட்டார்.

அக்கா, அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. மாடிப்படியில் மட்டும் நியூட்ரல் இல்லை. அங்கே அந்த இன்னொரு வகை வைத்தோம். அணைத்த பிறகும் பல்பு லேசாக எரிகிறது.

பழைய வயர்மேன்:

பல்பு ஹோல்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே மாட்யூல் கம்பெனியின் பைபாஸ் கெப்பாசிட்டரைப் போடச் சொல்லுங்கள், அந்தத் துளி கரண்டைப் பல்புக்குப் பதில் தன் வழியே விடும் சின்னப் பாகம் அது, சில பெட்டிகளில் கூடவே வரும். அப்படியும் எரிந்தால் அந்த இடத்தில் மாட்யூலையே கழற்றிவிடுங்கள் தம்பி. படிக்கட்டில் மேலேயும் கீழேயும் சுவிட்ச் இருக்கிறதே, அது போதும்.