வேலை போன பிறகு உடம்பும் கெடுகிறதே, எனக்கு மட்டும்தான் இப்படியா?

போரூரான்:
ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை. போன வருஷக் கடைசியில் "நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது விடிகிற வரைக்கும் தூக்கம் இல்லை, பகலில் எழுந்தால் குளிக்கக்கூடத் தோன்றுவதில்லை, ஓடியாடிய காலத்தில் இல்லாத முதுகுவலியும் நெஞ்செரிச்சலும் சும்மா இருக்கும்போது வந்து நிற்கின்றன. பிரஷரும் கூடியிருக்கிறது. வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

நூலகப்புழு:
உங்களுக்கு மட்டும் இல்லை சகோ. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சின்ன ஊர், அங்கே எல்லோருக்கும் சோறு போட்ட துணி ஆலை 1930 வாக்கில் மூடிப்போனது. சமூக உளவியல் ஆய்வாளர் மரீ யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் எழுதினார்கள். வேலை இல்லாவிட்டால் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் கட்டணத்தை எடுத்த பிறகும் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள்! ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை தலைக்கு மேல் இருந்ததால் அந்த மந்தம் அவ்வளவாக இல்லை. சம்பளத்தோடு நாளின் ஒழுங்கும் ஆள் பழக்கமும் சேர்ந்தே போகின்றன என்று யஹோடா பிற்பாடு விளக்கினார்.

கோவை நர்ஸ் அக்கா:
வேலை வரட்டும் என்று காத்திருக்காதே தம்பி. நெஞ்செரிச்சல் என்று நீயே முடிவு கட்டாமல் முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடு. ராத்திரி முழுக்கக் கவலையோடு விழித்திருந்தால் பிரஷர் ஏறத்தான் செய்யும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் மாத்திரைக்குக் காசு இல்லை. மனசு விட்டுப் பேச 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். தூங்குகிற நேரம் எப்படியோ போகட்டும், எழுகிற நேரத்தை மட்டும் மாற்றாதே.

கடன்காரன்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் இஎம்ஐ தேதி நெருங்கும்போது எந்த ஒழுங்கும் நிற்காது. பேங்க் ஆள் போன் செய்வதற்கு முன்னால் நீங்களே போய்த் தவணையை மாற்றித் தரக் கேளுங்கள், அதற்கப்புறம்தான் எனக்கெல்லாம் தூக்கமே வந்தது. இன்னொன்று, கம்பெனி இன்ஷூரன்ஸ் வேலையோடு முடிந்திருக்கும். அப்பா அம்மாவும் அதில்தான் இருந்தார்களா? புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

போரூரான்:
ஆமாம், அப்பாவுக்கு சுகர் வேறு. இதை யோசிக்கவே இல்லை. காலையில் ஈசிஜி, அப்புறம் பேங்க். நன்றி அக்கா, நன்றி எல்லோருக்கும்.