குரலுக்கு ஒப்பந்தம்: விவரம் தெரிந்த வக்கீல் யாராவது இருக்கிறார்களா?

மக்களே, ஒரு உதவி. எங்கள் மாமா தோவாளைப் பக்கம் கோயில் கொடை விழாக்களில் 30 வருஷமாக வில்லடிப்பவர், அதாவது வில்லுப்பாட்டுக் கலைஞர். போன மாதம் சென்னையில் ஏஐ, சினிமா பற்றிய மாநாடு ஒன்றுக்குப் போயிருந்தேன். டீ நேரத்தில் ஒருவர் மாமாவின் பழைய கேசட்டுகளைக் கேட்டார், கணினியில் அதே குரலை உருவாக்கவாம். அனுப்பிய ஒப்பந்தத்தில் 'எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்' என்று இருக்கிறது. தொகை இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி!

2024-இல் ஏ.ஆர்.ரஹ்மான்கூட, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துத்தான் ஏஐ மூலம் உருவாக்கிப் பயன்படுத்தினார். மாமாவோ 'பேரு பரவட்டுமே' என்று கையெழுத்துப் போட நிற்கிறார்.

நாகர்கோவிலில் பதிப்புரிமை விவகாரம் பார்க்கும் வக்கீல் யாரையாவது தெரியுமா? அப்புறம், பூஞ்சை பிடித்த 11 கேசட்டுகளைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றித் தருபவர் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.